ஒரு கை குறையுது

எங்கள் பொன்மலை ரயில்வே காலனியில் சாயங்காலம் இன்ஸ்டிடியூட் பக்கம் நடந்து போனால் கட்டாயம் ஒரு குரல் வரும். "தம்பி, ஒரு கை குறையுது. உக்கார்றியா?" அந்தக் குரலுக்கு மயங்கி உட்கார்ந்து உருப்படாமல் போனவர்கள் பட்டியல் ஒன்று என் அம்மாவிடம் இன்றைக்கும் இருக்கிறது. முதல் பெயர் என் அப்பாவுடையது. இரண்டாவது பெயர் யாருடையது என்று நான் வேறு சொல்லணுமா :-)

நிற்க. இது ரம்மி பற்றிய பதிவு இல்லை. பிரிட்ஜ். புனே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வாரம் முழுக்க ஆபீஸில் ஆணி, ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ். இதுதான் வாழ்க்கை. தங்கமணி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள், அது இங்கே வேண்டாம்.

போன குளிர்காலத்தில் சேர்த்து வைத்த லீவை எல்லாம் கொட்டி தேசியப் போட்டிக்குப் போயிருந்தேன். குளிர்காலத் தேசியப் போட்டி என்றால் சும்மா இல்லை. அணிகளுக்கு ரூயா கோப்பை, ஜோடிகளுக்கு ஹோல்கர் கோப்பை என்று பெரிய பெயர்கள். பிரிட்ஜ் ஆடுகிறவனுக்கு ரஞ்சி மாதிரி. முதல் நாள் காலையில் ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது மேஜை இல்லை, தலை. வரிசை வரிசையாக வெள்ளைத் தலைகள். நடுநடுவே விரிப்பு போட்டு ஆள் இல்லாமல் கிடந்த மேஜைகள். எனக்கு வயது 44. என்னைப் பார்த்த ஒரு பெரியவர் முகம் மலர்ந்து "யங்ஸ்டர்ஸ் வர ஆரம்பிச்சிட்டாங்க பேட்டா" என்று தோளைத் தட்டினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் காதோரம் அவர் பார்க்கவில்லை போல.

டீ குடிக்கிற இடத்தில் வருஷா வருஷம் நடக்கும் ஒப்பாரி இந்த முறையும் நடந்தது. "கூட்டமே இல்ல. அந்தக் காலத்துல உட்கார இடம் கிடைக்காது." ஏன் இல்லை என்பதற்கும் வருஷா வருஷம் அதே பதில். மொபைல் கெடுத்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. அவ்வளவுதான், டீயும் முடிந்தது, ஆராய்ச்சியும் முடிந்தது.

இந்தப் பதிவு அந்தப் பதிலுக்குத்தான். பொய். சுத்தப் பொய். நம் சௌகரியத்துக்காக நாமே சொல்லிக்கொள்கிற பொய்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. நாலு பேர், 52 சீட்டு, ஆளுக்கு 13. எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. முதலில் ஏலம்: எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்டுக்கொண்டே போகணும். அப்புறம் ஆட்டம். நம்ம ஊர் 28, 304 ஆடியவர்களுக்கு அரை நாளில் பிடிபடும். இதுவரைக்கும் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் போட்டியில் ஆடுகிற முறையில்தான் சூட்சுமம். ஆடி முடித்த சீட்டைக் கலைக்க மாட்டார்கள். நாலு பை வைத்த ஒரு தட்டில் அவரவர் கையை அப்படியே செருகி அடுத்த மேஜைக்கு அனுப்புவார்கள். அங்கேயும் அதே சீட்டு. அணி ஆட்டம் என்றால் இங்கே நான் பிடித்த கையை அங்கே என் எதிராளியின் கூட்டாளி பிடிப்பான். ஆக "எனக்குச் சீட்டே வரல" என்று புலம்ப வழியே இல்லை. வந்த சீட்டை வைத்து அவன் என்ன செய்தான், நீ என்ன செய்தாய், அதுதான் கணக்கு. 13 சீட்டுக் கை ஒன்று 63,501 கோடிக்கு மேற்பட்ட விதங்களில் அமையலாம். ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை ஆடிய ஆள் உலகத்திலேயே கிடையாது. இதைவிட நியாயமான ஆட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை. பத்தி முடிந்தது.

இப்போது மொபைல் பொய்க்கு வருவோம்.

மொபைல் கெடுத்தது என்றால் செஸ்ஸையும் கெடுத்திருக்கணுமே? செஸ் உட்கார்ந்து யோசிக்கிற ஆட்டம் இல்லையா? 1988-ல் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது இந்தியாவில் அவர் ஒருவர்தான். இன்றைக்கு எண்பதைத் தாண்டிவிட்டார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட், 2024-ல் புடாபெஸ்டில் ஆண், பெண் இரண்டு பிரிவிலும் தங்கம், அதே வருஷக் கடைசியில் 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். இந்தப் பிள்ளைகள் எல்லாம் மொபைலை ஆற்றில் எறிந்துவிட்டா வந்தார்கள்? எங்கள் அபார்ட்மெண்டில் ராத்திரி போர்வைக்குள் மொபைலில் செஸ் ஆடிப் பிடிபட்ட பையன்களை எனக்குத் தெரியும். பொறுமை இல்லை என்கிறீர்களா? நாலு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்காரும் ஏழு வயசுக் குழந்தையைப் பார்க்க ஏதாவது ஒரு செஸ் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் டிபன் பாக்ஸோடு காத்திருக்கும் அம்மாக்களையும் சேர்த்துப் பாருங்கள்.

செஸ்காரர்கள் ஏழு வயசுக்கு உட்பட்டவர்களுக்கே தேசியப் போட்டி வைக்கிறார்கள். நாம் என்ன செய்தோம்?

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இருவரும் தங்கம் வென்றார்கள். ஒருவருக்கு 60, இன்னொருவருக்கு 56. கூடவே இரண்டு வெண்கலம். அன்றைக்கு நான் ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தேன், "எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்குள் ஸ்வீட் காலி. ஜெயித்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கால் தூசிக்குக்கூட நான் வரமாட்டேன். நாம் அந்தத் தங்கத்தை எப்படி விற்றோம் என்பதுதான் என் கோபம். "அறுபது வயதிலும் தங்கம்!" பத்திரிகைகள் அதைத்தான் எழுதின, நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். மூளைக்கு நல்லது, மறதி வராது, ரிட்டயர் ஆனவர்களுக்கு அருமையான பொழுதுபோக்கு. சரி, பதினெட்டு வயசுப் பையன் காதில் இது என்னவாக விழும்? "அறுபது வயசுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றுதானே? நாமே பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்து அவனை நாற்பது வருஷம் தள்ளி வரச் சொல்லிவிட்டு, வரவில்லையே என்று டீக்கடையில் அழுகிறோம். 2023-ல் ஹாங்சோவில் ஆண்கள் அணி வெள்ளி வாங்கியபோதும் இதே பாட்டுதான்.

அந்தக் காலத்தில் மட்டும் கூட்டம் எங்கிருந்து வந்தது? இதை யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன், என் பார்ட்னரிடம். எழுபதைத் தாண்டிய மராத்திக்காரர், நான் காகா என்று கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணா என்பார். அவருக்கு மதராஸி எல்லாருமே அண்ணாதான்! அரசு வங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். அவர் பிரிட்ஜ் கற்றது எந்தப் பள்ளியிலும் இல்லை, பேங்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில். பத்து நிமிஷத்தில் டப்பாவை மூடிவிட்டு நாற்பது நிமிஷம் சீட்டு. மூன்று பேர் உட்கார்ந்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த கிளார்க் பையனை "வா, ஒரு கை குறையுது" என்று இழுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அவன்தான் இவர்.

ரயில்வே இன்ஸ்டிடியூட், வங்கி, இன்சூரன்ஸ், துறைமுகம், பொதுத்துறைக் கம்பெனிகளின் மனமகிழ் மன்றங்கள். இவைதான் நாற்றங்கால். ஆள் எடுப்பு குறைந்தது. 2000-01-ல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள், காகாவும் அதில் ஒருவர். ரயில்வேயில் 1990-களின் தொடக்கத்தில் 16 லட்சத்துக்கு மேல் இருந்த ஊழியர் எண்ணிக்கை இப்போது 12 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. பொன்மலையில் அப்பா காலத்தில் சாயங்காலச் சங்கு ஊதினால் சைக்கிள் வெள்ளம் போகும், ரோட்டைக் கடக்க முடியாது. இப்போது ஊருக்குப் போனால் தாராளமாகக் கடக்கலாம். என் ஆபீஸில் மதியம் சீட்டுக் கட்டை எடுத்தால் ஹெச்.ஆர். எடுத்துவிடும், என்னை.

நாற்றங்கால் காய்ந்து முப்பது வருஷம் ஆகிறது. புது நாற்றங்கால் போடாமல், அறுவடை குறைந்துவிட்டதே என்று ஆச்சரியப்படுகிறவனை விவசாயி என்று சொல்வீர்களா?

பிரிட்ஜுக்கு இன்னொரு சாபமும் உண்டு. செஸ்ஸுக்கு ஒரு ஆள் போனால் ஒரு ஆள்தான் குறைவு. இங்கே ஒருவர் நின்றுவிட்டால் அவருடைய ஜோடியும் நிற்கும், ஜோடி நின்றால் மேஜையே நிற்கும். என் கிளப்பில் 2020-க்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மேஜை ஓடும். கொரோனா வந்து எல்லாரும் இணையத்துக்குப் போனார்கள். சில பேர் திரும்பவில்லை, சில பேர் இல்லவே இல்லை. இப்போது நாலு மேஜை சேர்ந்தால் அன்றைக்குத் திருவிழா.

அப்புறம் இந்தக் கிளப் சமாச்சாரம். பிரிட்ஜ் பெரும்பாலும் ஆடப்படுவது ஜிம்கானாக்களில். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன நாற்காலியும் அவன் விட்டுப்போன சட்டமும். காலர் இல்லாத சட்டை கூடாது, செருப்பு கூடாது. 2014-ல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப் வாசலில் நிறுத்தினார்கள், அதற்காகச் சட்டசபையில் ஒரு சட்டமே போட வேண்டி வந்தது ஞாபகம் இருக்கிறதா? காலேஜ் பையன் எந்த வாசலைத் தாண்டி வருவான்? தாண்டினாலும் தேசியப் போட்டி ஒரு வாரத்துக்கு மேல். லீவு, டிக்கெட், ஹோட்டல், நுழைவுக் கட்டணம். பென்ஷன்காரருக்கும் பணக்காரருக்கும் மட்டும் தோதான கணக்கு. அங்கே போனால் முதல் ரவுண்டிலேயே பணம் கொடுத்து அமர்த்தப்பட்ட தேர்ந்த ஆட்டக்காரர்கள் நிறைந்த அணியோடு மோதணும். அவர்கள் ஆடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களைப் பார்த்துத்தான் நான் கற்றேன். ஆனால் முதல் மாசம் கிரிக்கெட் மட்டை பிடித்தவனை பும்ராவுக்கு எதிரே நிறுத்திவிட்டு "ஏன் ஓடிட்டான்?" என்று கேட்பீர்களா?

சீட்டு என்றாலே சூது என்கிற கெட்ட பெயர் வேறு. இதில் ஒரு வேடிக்கை. 1967-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்னபோது பிரிட்ஜைத்தான் உவமையாக இழுத்தது. பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது எவ்வளவு அதிர்ஷ்டமோ அதே ரகம்தான் ரம்மியிலும் என்று. நம்முடைய நல்ல பெயரைக் கடன் வாங்கித்தான் ரம்மி கௌரவம் பெற்றது. பின்னால் வந்த ரம்மி ஆப்காரர்கள் அதே தீர்ப்பைக் காட்டிக் கல்லா கட்டினார்கள். தமிழ்நாட்டில் குடும்பங்கள் அழிந்தன, தற்கொலைகள் நடந்தன, 2022-ல் மாநிலச் சட்டம் வந்தது, 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்தியச் சட்டமே தடை போட்டது. கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தது கெட்ட பெயரை. என் அம்மா போனில் கேட்கிறாள், "ரம்மியைத்தான் கவர்மெண்டே நிறுத்திட்டாங்களாமே, நீ இன்னும் போறியா?" பதில் சொல்லி மாளவில்லை.

இதெல்லாம் வெளிக் காரணம். உள்காரணம் ஒன்று இருக்கிறது. சொல்ல நாக்கு கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

என் பொண்ணுக்குப் பதிமூன்று வயது. இரண்டு வருஷமாக நானும் காகாவும் சொல்லிக்கொடுத்தோம். காகாவை ஆஜோபா, ஆஜோபா என்று சுற்றிச் சுற்றி வருவாள். ஏலத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. போன ஜூனில் ஒரு கிளப்பில் ஒருநாள் ஜோடிப் போட்டிக்கு அவளை பார்ட்னராகக் கூட்டிப் போனேன். புதுச் சுடிதார், பாக்கெட்டில் ராசியான பேனா.

நாலாவது ரவுண்ட். அவளுக்கு முன்னால் இருந்தவர் நாலு ஆட்டின் கேட்டார். இவள் யோசித்தாள். அரை நிமிஷம் இருக்கும். பாஸ். அடுத்தவரும் பாஸ். நான் நாலு இஸ்பேட் கேட்டேன். உடனே நாற்காலி அதிர ஒரு சத்தம், "டைரக்டர்!" டைரக்டர் என்றால் நடுவர். சட்டம் இதுதான்: பார்ட்னர் தயங்கினால் கையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது, அந்தத் தகவலை நான் பயன்படுத்தக் கூடாது. நடுவர் வந்தார், கேட்டார், ஸ்கோரை மாற்றினார். சட்டப்படி சரி. நூற்றுக்கு நூறு சரி. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் நடுவர் வருவதற்குள் அந்தப் பெரியவர் பேசியது? "குழந்தையைக் கூட்டிட்டு வர இது பார்க் இல்லை." அப்புறம் என்னைப் பார்த்து, "யோசிக்கிற மாதிரி நடிக்க நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்க." பதிமூன்று வயசுப் பிள்ளையைத் திருடி என்கிறார். சுற்றி நாலு மேஜை திரும்பிப் பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாரி சார்."

மீதி ரவுண்டுகளில் அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கேட்டவுடன் பாஸ், பாஸ், பாஸ். கடைசிக்கு இரண்டாவது இடம். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து கேட்டாள், "அப்பா, நான் யோசிச்சது தப்பா?"

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. செஸ் ஆடுகிறாள். அங்கே யோசித்தால் திட்ட மாட்டார்களாம்.

அந்தப் பெரியவரை மட்டும் வில்லனாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். முடியவில்லை. அதற்கு ஆறு மாசம் முன்னால் எங்கள் கிளப்புக்குப் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் ஜோடி வந்தது. கல்யாணமான புதுசு. அந்தப் பெண் முறை தவறிச் சீட்டை இறக்கிவிட்டாள். நான் கையைத் தூக்கி "டைரக்டர்!" என்று கூப்பிட்டேன், பெரிய சீனியர் மாதிரி. சட்டப்படி சரிதான், நானும். அவர்கள் மறுவாரம் வரவில்லை. வாரா வாரம் "யூத் வர்றதில்ல" என்று காகாவிடம் அலுத்துக்கொண்டவன் நான்தான்.

தகவல் பற்றிய சட்டம் 16 எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதே புத்தகத்தில் சட்டம் 74 என்று ஒன்று இருக்கிறது: எதிராளியிடமும் பார்ட்னரிடமும் மரியாதையாக நடந்துகொள்ளணும், சங்கடப்படுத்தும் பேச்சு கூடாது. அதற்காக யாராவது "டைரக்டர்!" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அமெரிக்காவில் 1990-களின் இறுதியிலேயே, மேஜையில் மரியாதை தவறினால் பாயிண்ட் வெட்டு என்று கொண்டுவந்தார்கள். 2005-ல் பஃபெட்டும் பில் கேட்ஸும் சேர்ந்து பள்ளிகளில் பிரிட்ஜ் கற்றுத்தர பத்து லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். அங்கேயும் தலைகள் நரைத்துக்கொண்டுதான் போகின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் ஏதோ செய்து பார்த்தார்கள். நாம் டீ குடித்தோம்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். தேசியப் போட்டியிலேயே சனி, ஞாயிறு இரண்டு நாள் புதியவர்களுக்கு மட்டும் தனிப் பிரிவு. மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஜிம்கானா வேண்டாம், ஒரு காலேஜ் ஹால் அல்லது ரயில்வே இன்ஸ்டிடியூட். சட்டம் 74-ஐ மேஜைக்கு மேஜை ஒட்டி வைப்பது, மீறினால் முதல் தடவையே பாயிண்ட் வெட்டு, ஆள் எவ்வளவு பெரிய சீனியராக இருந்தாலும். இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. எழுதி மூன்று மாசம் ஆகிறது, பதில் இல்லை. அடுத்த மாசம் நேரிலேயே போகப் போகிறேன்.

அதுவரைக்கும் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் பச்சைத் துணி விரித்திருக்கிறோம், காகாவும் நானும். அபார்ட்மெண்டில் மூன்று பசங்க வருகிறார்கள், ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற வாண்டுகள். ஏலத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம் என்பதுதான் முதல் விதி. நாலாவது கைக்கு ஆள் இல்லை. அந்தக் கையை காகா பிடிக்கிறார். என் பொண்ணு ஹாலில் உட்கார்ந்து மொபைலில் செஸ் ஆடிக்கொண்டிருப்பாள். போன வாரம் ஒரு பையன் துருப்பு போட வேண்டிய இடத்தில் ஏஸை இறக்கினான். ஹாலிலிருந்து "அய்யோ" என்று ஒரு சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. காகாவும் பார்க்கவில்லை.

டிஸ்கி: இதில் காசு வைத்து ஆடுவது எதுவும் கிடையாது. அம்மா, யாராவது படித்துக் காட்டினால் கவனிக்கவும்.